ஒரு பெட்டி இரண்டான கதை

டிசம்பர் 24, காலை ஒன்பதரை மணி. வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, தேனீப் பெட்டியிலிருந்து எடுத்த மரச்சட்டத்தைச் சற்றே சாய்த்து, அதில் கட்டியிருந்த மெழுகு அடையின் அறைகளின் அடியைப் பார்த்தேன். வெள்ளை நூலை ஒன்றரை மில்லிமீட்டருக்கு நறுக்கி அறைக்கு ஒன்றாக நட்டுவைத்ததுபோல் முட்டைகள். ஒன்றிரண்டு அல்ல, உள்ளங்கை அகலத்துக்கு. புது ராணியை நான் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அவள் இருக்கிறாள் என்பதற்கு இந்த முட்டைகள் போதும். ஒரு பெட்டித் தேனீ இரண்டு பெட்டியாகிவிட்டது.

அக்டோபரில் இதே வேலையைச் செய்து, மூன்று அடைகளைக் குப்பைக்குழியில் போட்டு மண் தள்ளினேன். ஆகவே இது இரண்டு முயற்சிகளின் பதிவு. தேதிகளெல்லாம் பெட்டியின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதிவைத்தவை.

எனக்குத் தொழில் தையல். கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாற்றுக்குப் பக்கத்தில் வீடு. வீட்டின் முன்னறையே கடை. பின்னால் பத்து சென்ட் நிலம். அதில் ஆறு தென்னை, ஒரு சக்கை (பலா) மரம், ஒரு முருங்கை. வேலிக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் ரப்பர். இந்தப் பக்கத்தில் தேன் என்றால் ரப்பர்தான். பூவிலிருந்து வருகிறது என்று வெளியூரில் நினைக்கிறார்கள். ரப்பர் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, காம்பின் நுனியில் மூன்று இலைகளும் பிரியும் இடத்தில் இனிப்பு ஊறும். தேனீ எடுப்பது அதைத்தான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்த ஊற்று. அதற்குள் பெட்டி நிறையத் தேனீ இருந்தால் தேன் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு நியூட்டன் பெட்டி. நியூட்டன் என்ற பாதிரியார் நம் ஊர் அடுக்குத் தேனீயின் அளவுக்கு வடிவமைத்தது. நூறாண்டு தாண்டியும் அதே பெயரில்தான் விற்கிறது. கீழ்ப்பெட்டியில் ஏழு சட்டங்கள். என் இஞ்சு டேப்பால் அளந்தபோது சட்டத்தின் உள்ளகலம் எட்டு அங்குலத்துக்குச் சற்று அதிகம், உயரம் ஐந்தே முக்கால். இந்தத் தேனீயைக் கையாளும்போது ஒன்றை நினைவில் வைத்திருக்க வேண்டும்: பிடிக்காவிட்டால் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். கொட்டுவதைவிட எனக்கு அந்தப் பயம்தான் அதிகம்.

முதல் முயற்சி, அக்டோபர் 9. கேட்டறிந்த செய்தி இவ்வளவுதான்: புழுவும் முட்டையும் இருக்கும் அடைகளில் பாதியைப் புதுப்பெட்டிக்கு மாற்று, ராணி இல்லாத பாதி தானே ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். பாவாடைத் துணியைப் பாதியாக வெட்டுவதுபோல்தானே என்று நினைத்தேன். ராணியைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஏதாவது ஒரு பாதியில் இருப்பாள் என்று மூன்று அடைகளைத் தேனீக்களோடு தூக்கிப் புதுப்பெட்டியில் வைத்து, பழைய பெட்டியிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு முக்காலியின் மேல் வைத்தேன். அன்று மாலை வரை இரண்டு பெட்டிகளிலும் நடமாட்டம். மறுநாள் மாலை புதுப்பெட்டியின் வாசலில் நின்ற தேனீக்களை விரல்விட்டு எண்ணலாம்.

மூன்றாம் நாள் திறந்தேன். அடையின் நடுவில் ஒரு கைப்பிடித் தேனீ ஒண்டிக்கொண்டிருந்தது. ஓரத்துப் புழுக்கள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தன. ஐந்தாம் நாள், தொங்கிக்கொண்டிருந்த ஒரு தென்னை ஓலையின் நுனி வழியாக எறும்பு ஏறியிருந்தது. முக்காலியின் மூன்று கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தவள் அண்ணாந்து பார்க்கவில்லை. பதின்மூன்றாம் நாள் அடைக்குள் மெழுகுப் பூச்சியின் புழு சுரங்கம் வெட்டி, வெள்ளை வலை பின்னியிருந்தது. அடையைத் தூக்கினால் வலையோடு ஆடியது. பழைய பெட்டியில் ராணி நலமாக இருந்தாள். அதாவது புதுப்பெட்டிக்கு நான் கொடுத்தது ராணியற்ற மூன்று அடைகள், அவற்றைப் போர்த்திக் காப்பதற்குத் தேவையானதில் கால்வாசித் தேனீகூட இல்லை.

இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எழுபது வயதுக்கு மேல். தெருவே அவரைப் பாட்டா என்று அழைக்கும். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்துச் சாக்குப்புழு வைரஸ் வந்து தென்னிந்தியா முழுவதும் அடுக்குத் தேனீக்களைத் துடைத்தெடுத்ததே, அப்போது தன் அறுபது பெட்டிகளில் இரண்டைத் தவிர மற்றதெல்லாம் போய், அந்த இரண்டிலிருந்து பிரித்துப் பிரித்து மீண்டவர். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "தேனீக்குப் பெட்டி தெரியாது மக்களே, இடம்தான் தெரியும்" என்றார்.

வெளியே பறந்து பழகிய தேனீ, பிறந்ததிலிருந்து எந்த இடத்தின் வாசலுக்குத் திரும்பியதோ அங்கேதான் திரும்பும். ஆறடி தள்ளி வைத்தால் அதற்கு அது வேறு ஊர். புதுப்பெட்டியில் தங்குபவை இன்னும் பறக்கப் பழகாத இளந்தேனீக்கள் மட்டுமே. நான் கூட்டத்தைப் பாதியாகப் பிரித்ததாக நினைத்தேன். அடைகளைத்தான் பாதியாகப் பிரித்திருந்தேன்.

இன்னொன்றும் கேட்டார்: "ஆண் தேனீ இருந்ததா?" நான் பார்க்கவே இல்லை. புது ராணி பிறந்தாலும் கலப்புக்கு ஆண் தேனீ பறக்க வேண்டும். அக்டோபரில் என் பெட்டியில் அது இருந்திருக்காது என்பது அவர் கணிப்பு. ஆண் புழுக்கள் வளரும் அறைகளின் மெழுகு மூடி எப்படி இருக்கும் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார்: கூம்பாகப் புடைத்து, நடுவில் குண்டூசியால் குத்தியதுபோல் ஒரு துளை. அந்தத் துளை இட்ட மூடிகளைப் பார்த்த பிறகு கத்தியைத் தொட்டால் போதும் என்றார்.

நவம்பர் முழுவதும் தயாரிப்பு. மூன்று நாளுக்கு ஒருமுறை 200 கிராம் சர்க்கரையை 200 மில்லி வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, மூழ்காமல் நிற்பதற்கு ஈர்க்குத் துண்டுகளை மிதக்கவிட்டுக் கொடுத்தேன். இருட்டும் நேரத்தில்தான் கொடுக்க வேண்டும். ஒருநாள் பகலில் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பெட்டித் தேனீக்களெல்லாம் கொள்ளையடிக்க வந்து, வாசலில் கட்டிப்புரண்டதைப் பார்த்தேன். வாசலை ஒரு விரல் அகலத்துக்குச் சுருக்கி, மேலே ஈரத்துணி போர்த்திய பிறகே அடங்கியது.

நவம்பர் 27: துளை இட்ட மூடிகள், இரண்டு அடைகளின் கீழ்விளிம்பில். டிசம்பர் 2: ஏழு சட்டங்களிலும் தேனீ வழிகிறது. அத்துடன், நான் எதிர்பார்க்காத ஒன்று. நான்காம், ஐந்தாம் அடைகளின் கீழ்விளிம்பில் நிலக்கடலைத் தோடு தலைகீழாகத் தொங்குவதுபோல் ஆறு ராணி அறைகள். அதில் இரண்டு மூடியிருந்தன. கூட்டம் தானாகப் பிரிந்து போகத் தயாராகிவிட்டது. ராணி அறை மூடிய ஓரிரு நாளில் பழைய ராணி பாதிப் படையோடு கிளம்பிவிடுவாள். அன்று மாலையே பாட்டாவை அழைத்து வந்தேன். அவர் ராணி அறையைப் பார்க்கவில்லை. முதலில் புழுக்களைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று வளைந்து கிடக்க வேண்டும். நிமிர்ந்து, தலை தூக்கி, பைக்குள் நீர் கட்டியதுபோல் ஒன்றே ஒன்று இருந்தாலும் பிரிக்கக் கூடாது, நோயும் இரண்டாகும் என்றார். புழுக்கள் சுத்தம். "நாளை வெயில் ஏறியதும் செய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். துணைக்கு வருவார் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 3, காலை பத்து மணி. கையில் இருந்தவை: உளி, தேங்காய்த் தும்பு திணித்த புகைப்பான், புதிய பிளேடு, நீரில் ஊறிய வாழைநார், டீ வடிகட்டி, இஞ்சு டேப், தையல் சாக்கட்டி. தலைக்குக் கொசுவலையில் நானே தைத்த முக்காடு. அதை வெள்ளை வலையில் தைத்தது தவறு. வெயிலில் கண் கூசுகிறது, முட்டை தெரிவதில்லை. முகத்துக்கு நேரே மட்டும் கறுப்பு வலை வைத்து மறுபடி தைத்தேன்.

டீ வடிகட்டி ராணிக்கு. சென்ற முறை ராணியைக் கண்டுபிடிக்க முடியாததற்கு நான் விட்ட புகையே காரணம். புகை கூடினால் அடுக்குத் தேனீ அடையில் நிற்காது, ஓடும். ஓடுகிற கூட்டத்தில் ராணி எங்கே தெரிவாள்? இம்முறை வாசலில் இரண்டு ஊது, மூடியைத் திறந்து ஒரு ஊது, அவ்வளவுதான். மூன்றாம் சட்டத்தில் அகப்பட்டாள்: மற்றவற்றைவிடக் கறுத்து, வயிறு நீண்டு, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். வடிகட்டியை அவள் மேல் கவிழ்த்து அடையில் மெல்ல அழுத்தியதும் என் கை நடுக்கம் நின்றது. இனி மற்ற வேலைகளை நிதானமாகச் செய்யலாம்.

ராணி இருந்த அந்தச் சட்டம், மெழுகால் மூடிய புழு அறைகள் நிறைந்த இன்னொரு சட்டம், ஓரத்துத் தேன் சட்டம் ஒன்று: மூன்றும் புதுப்பெட்டிக்கு. பழைய பெட்டியில் நான்கு: மூன்று புழுச் சட்டங்கள், ஒரு தேன் சட்டம். ராணி அறைகள் இருந்த இரண்டும் இதில்தான். ஆறு ராணி அறைகளில், ஐந்தாம் அடையில் இருந்த மூடிய இரண்டை மட்டும் விட்டு, மற்ற நான்கையும் பிளேடால் அறுத்தேன். எல்லாவற்றையும் விட்டால் முதலில் பிறக்கும் ராணியும் கொஞ்சம் படையைக் கூட்டிக்கொண்டு போய்விடக்கூடும். அறுத்த ஒன்றுக்குள் பாலாடை மாதிரி வெள்ளைக் கூழில் புழு மிதந்தது. ஊசிமுனை அளவு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த அரச உணவு புளிக்கிறது, தொண்டையைக் காந்துகிறது.

இதற்குள் ஒரு விபத்து. ராணி அறைகளைத் தேடும் அவசரத்தில் நான்காம் சட்டத்தைப் படுக்கைவாட்டில் திருப்பினேன். புது அடை, வெண்மெழுகு, புழுவின் பாரம்; மேல்கட்டையிலிருந்து பாதி பிய்ந்து தொங்கியது. சட்டத்தை எப்போதும் நெட்டுக்குத்தாகவே பிடித்து, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் திருப்ப வேண்டும் என்று தெரியும், அவசரத்தில் மறந்தது. பிய்ந்த அடையை மேல்கட்டையோடு சேர்த்துப் பிடித்து, வாழைநாரால் இரண்டு இடத்தில் சுற்றிக் கட்டினேன். முன்பு ஒருமுறை கடையில் இருந்த பாலியஸ்டர் நூலால் கட்டி, அதில் தேனீக்களின் கால் சிக்கிச் செத்திருக்கின்றன. வாழைநாரை நான்கே நாளில் கடித்துத் துண்டாக்கி வாசலுக்கு வெளியே எறிந்துவிட்டன. அதற்குள் அடை ஒட்டியிருந்தது. நார் துண்டுகள் வாசலில் கிடந்தால் வேலை முடிந்தது என்று பொருள். திறந்து பார்க்கவே வேண்டாம்.

இனி இடம். பழைய பெட்டியின் வாசலுக்கு நேர் கீழே நூலில் பட்டனைத் தொங்கவிட்டு, தரையில் சாக்கட்டியால் புள்ளி வைத்து, அங்கே ஒரு முளை அடித்தேன். பழைய பெட்டியை முளையிலிருந்து இடப்பக்கம் ஒன்பது அங்குலம் நகர்த்தினேன். புதுப்பெட்டியை வலப்பக்கம் ஒன்பது அங்குலத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே உயரம், இரண்டும் கிழக்குப் பார்த்த வாசல். திரும்பி வரும் தேனீ முளைக்கு நேர் மேலே வந்து, பெட்டி இல்லாமல் திகைத்து, இடமோ வலமோ இறங்கும். பதினொன்றரை மணிக்கு அங்கே ஒரு கொத்துத் தேனீ காற்றில் நின்று ஆடிக்கொண்டிருந்ததை என் வீட்டார் திண்ணையிலிருந்து பார்த்து, எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மாலை நான்கு மணிக்கு ஒரு நிமிடம் கடிகாரம் பார்த்து, உள்ளே நுழைபவற்றை எண்ணினேன். ராணி இருக்கும் வலப்பெட்டியில் 41, ராணி இல்லாத இடப்பெட்டியில் 17. ராணியின் மணம் இழுக்கிறது போலும். இடப்பெட்டியை முளையை நோக்கி மூன்று அங்குலம் கொண்டுவந்து, வலப்பெட்டியை மூன்று அங்குலம் விலக்கினேன். எழுத்தில் இது ஒரு வரி. செய்யும்போது நான்கு கால் ஸ்டாண்டு, கால் ஒவ்வொன்றுக்கும் எறும்புக் கிண்ணம், தளும்பும் தண்ணீர் என்று கால் மணி நேரம் பிடித்தது. மறுநாள் மாலை எண்ணிக்கை 30, 26. அதற்கு மேல் நகர்த்தவில்லை. வெற்றிடம் குளிராமல் இருக்க இரண்டு பெட்டிகளிலும் கடைசிச் சட்டத்துக்கு அடுத்து ஒட்டுப்பலகைத் தடுப்பு வைத்து, வாசலை ஓர் அங்குலத்துக்குச் சுருக்கினேன். எறும்புக் கிண்ணத்துத் தண்ணீரின் மேல் வண்டிக் கழிவு எண்ணெய் சில சொட்டு. தலைக்கு மேலிருந்த ஓலை வெட்டப்பட்டது.

டிசம்பர் 11: இடப்பெட்டியை ஐந்து நிமிடம் மட்டும் திறந்தேன். ஒரு ராணி அறையின் நுனி, டப்பா மூடியைக் கத்தரியால் வட்டமாக வெட்டித் திறந்ததுபோல் ஒரு பக்கம் ஒட்டித் தொங்கியது: ராணி தானே வெளிவந்திருக்கிறாள். இரண்டாவது ராணி அறை விலாவில் கிழிந்திருந்தது: முதலில் வந்தவள் போட்டியைத் தீர்த்துவிட்டாள். மூடிவிட்டேன்.

இதற்குப் பிறகு திறக்கக் கூடாது. ராணி கலப்புப் பறப்புக்குப் போய் வரும் நாட்களில் பெட்டியைக் கலைத்தால் அவள் வழி தவறலாம், அல்லது வேலைக்காரத் தேனீக்களே மிரண்டு அவளைச் சுற்றிப் பந்தாகக் கவ்விக் கொன்றுவிடலாம். நான் பொறுமைசாலி அல்ல. என்னைக் காப்பாற்றியது கிறிஸ்துமஸ் தையல். பன்னிரண்டு நாட்களில் முப்பத்தெட்டு பிளவுஸ், பதினொரு பிள்ளைகளின் பாவாடை. ஊசி முறிந்த ஒரு மதியம் மட்டும் எழுந்து போய் மூடியில் கை வைத்தேன். அதற்குள் ஒருவர் அளவு கொடுக்க வந்துவிட்டார்.

இடையில் நான்கு நாள் விடாத மழை. ராணி பறக்க முடியாமல் உள்ளேயே கிடப்பாள் என்று நான் கவலைப்பட்டேன். பாட்டாவோ, "வாசலைப் பார், வாசல் சொல்லும்" என்றார். மழை விட்ட மூன்றாம் நாளிலிருந்து தேனீக்கள் காலில் மகரந்தத்தோடு அவசர அவசரமாக நுழைந்தன. தொட்டாற்சிணுங்கியிலிருந்தும் தென்னம்பாளையிலிருந்தும் வந்திருக்க வேண்டும். உள்ளே ஊட்டுவதற்குப் புழு வரப்போகிறது என்றால்தான் இந்த அவசரம் என்றார். 24ஆம் தேதி திறந்தேன். அறைக்கு ஒரே முட்டை, அடியின் நடுவில். இதையும் கவனிக்க வேண்டும்: ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் பக்கச் சுவரில் இருந்தால் அது ராணி இட்டதல்ல, ராணியில்லாமல் வேலைக்காரத் தேனீக்களே இடத் தொடங்கிவிட்டன, கூட்டம் முடிந்தது என்று பொருள்.

செலவு: புதுப்பெட்டி, அயனிப் பலகையில், 1,150 ரூபாய். ஸ்டாண்டு 380. சர்க்கரை நான்கு கிலோ 176. வலையும் பழைய தொப்பியும் 90. மொத்தம் 1,796. முதல் முயற்சியில் போன மூன்று அடைகளுக்கு விலை போடவில்லை. ஓர் அடை கட்ட அவை எவ்வளவு தேனைத் தின்று மெழுகாக்க வேண்டும் என்று யோசித்தால் தூக்கம் வராது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. அறுத்தெறிந்த நான்கு ராணி அறைகளில் இரண்டையாவது அடைத்துண்டோடு வெட்டி, ராணி தேவைப்படும் யாருக்காவது கொடுத்திருக்கலாம். பாட்டா அதற்காக இன்னும் என்னைத் திட்டுகிறார். புதுப்பெட்டியின் உட்புறத்துக்கு நான் பூசிய வார்னிஷை அக்டோபரிலேயே சுரண்டியிருக்க வேண்டும். நவம்பரில் சுரண்டி, பழைய மெழுகைத் தேய்த்து, ஒரு வாரம் வெயிலில் வைத்த பிறகுதான் வாடை போனது. உள்ளே எதுவும் பூசவே கூடாது. ஸ்டாண்டு நான்கு கால்களுக்குப் பதில் ஒற்றைக் குழாய்க் கால், ஒரே எறும்புக் கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாள். 24ஆம் தேதிக்குச் சற்று முன் இட்ட முட்டை, ஏறத்தாழ இருபது நாளில் தேனீயாகி, அது வெளியே பறக்க இன்னும் இரண்டு மூன்று வாரம். பிப்ரவரி தொடக்கம் வந்துவிடும். ரப்பர் தளிரும் அப்போதுதான். இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கிறது. அடுத்த ஆண்டு நவம்பர் முதல் வாரமே துளை மூடிகளைத் தேடத் தொடங்குவேன். அதற்குச் சர்க்கரைப் பாகை செப்டம்பர் கடைசியிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

ஜனவரி 4 நிலவரம்: இடப்பெட்டியில் மூடிய புழு இரண்டு அடைகளில், நடுவில் ஓட்டையில்லாமல் சீராக. வலப்பெட்டியில் பழைய ராணி நான்காவது சட்டத்தைக் கட்டி முடிக்கவைத்துவிட்டாள். தடுப்புப் பலகைகளை ஒரு சட்டம் அளவுக்கு நகர்த்த வேண்டும். இரண்டு வெறுஞ்சட்டங்களின் மேல்கட்டையில் அரை அங்குல அடைத்துண்டுகளை உருக்கிய மெழுகால் ஒட்டி, தையல் மேசைக்கு அடியில் காயவைத்திருக்கிறேன். நாளை மாலை மழை இல்லாவிட்டால் வைத்துவிடுவேன்.